ரஸ்லர் 36-ஆ, கேட்டலினா 36-ஆ? நம்ம கடலுக்கு எது பொருந்தும்

கூட்டப்புளித் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். சரக்குக் கப்பலில் இன்ஜினியர். மலேசியாவின் லங்காவியில் இரண்டு பழைய பாய்மரப் படகுகளைப் பார்த்து வைத்திருக்கிறார். ஒன்று ரஸ்லர் 36, இன்னொன்று கேட்டலினா 36. ரஸ்லரின் விலை கூடுதல். அடுத்த ஐந்தாறு வருஷம் விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் மனைவி, இரண்டு பிள்ளைகளோடு கொச்சி, மாலத்தீவு, இலங்கையின் காலி, தூத்துக்குடி என்று சுற்ற வேண்டும். வேலையை விட்டபின் அண்ணனும் தம்பியுமாக நன்னம்பிக்கை முனை வரை போக வேண்டும். இரண்டுக்கும் சேர்த்து எதை வாங்கலாம் என்பது கேள்வி.

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் சேர்த்து ஒரு படகு வாங்காதீர்கள். குடும்பத்தோடு சுற்றப்போகிற வருஷங்களுக்குக் கேட்டலினா, அதுவும் சிறகு ஏரா வைத்தது (படகின் அடியில் கீழ்நோக்கி நிற்கிற பாரம்தான் ஏரா, அதன் அடிமுனையில் இருபுறமும் சிறகு விரிந்திருந்தால் சிறகு ஏரா). நன்னம்பிக்கை முனைக்குப் போகிற வருஷம் வரும்போது அதை விற்றுவிட்டு ரஸ்லர் மாதிரி ஒன்று. இந்த இரண்டு வகையிலும் ஓட்டியவன் என்கிற முறையில் காரணங்களை எழுதுகிறேன். சில இடங்களில் ரஸ்லர்தான் ஜெயிக்கும், அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

இரண்டும் 36 அடிப் படகு என்றுதான் பெயர். தண்ணீருக்கு மேலே பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். மேடையில் ஏற்றி அடியைப் பார்த்தால்தான் சங்கதி தெரியும். ரஸ்லர் இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கம் கட்டுகிற படகு, ஹோல்மன் அண்ட் பை வரைந்தது, 1980 முதல் வருகிறது. அணியத்துக்குக் கீழே தொடங்கி பின்பக்கம் வரை ஒரே நீளமாக ஏரா ஓடும். அந்த ஏராவின் பின் ஓரத்திலேயே சுக்கான் தொங்கும், அடியில் அதற்குத் தாங்கலும் உண்டு. உந்துவிசிறி ஏராவுக்கும் சுக்கானுக்கும் இடையில் உள்ள பொந்துக்குள் உட்கார்ந்திருக்கும். கேட்டலினா அமெரிக்கா, கலிஃபோர்னியாப் படகு. ஃபிராங்க் பட்லர் வரைந்து 1982-இல் இறக்கியது, இரண்டாயிரத்துக்கும் மேல் கட்டி விற்றார்கள். அதன் அடி தட்டையானது. நடுவில் துடுப்பு மாதிரி ஒரு ஏரா தனியாகப் போல்ட் போட்டு மாட்டியிருக்கும், பின்னால் சுக்கான் எந்தத் தாங்கலும் இல்லாமல் தனியே தொங்கும், விசிறித் தண்டு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்.

எடையில் ரஸ்லர் சுமார் 7.6 டன், கேட்டலினா சுமார் 6.1 டன். ஆனால் தண்ணீரில் படிகிற நீளம் ரஸ்லருக்கு 8.2 மீட்டர்தான், கேட்டலினாவுக்கு 9.2 மீட்டர். கனமான படகு குட்டை நீர்க்கோட்டில் உட்கார்ந்திருக்கிறது, லேசான படகு நெட்டைக் கோட்டில். இந்த மாதிரி உடலுள்ள படகு எட்டக்கூடிய வேகம் நீர்க்கோட்டு நீளத்தைப் பொறுத்தது. ரஸ்லருக்கு அது ஏழு நாட் (நாட் என்றால் மணிக்கு ஒரு கடல் மைல்) கிட்ட வரும், கேட்டலினாவுக்கு ஏழரை கிட்ட. நல்ல காற்றில் இந்த அரை நாட்டைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டாம். காற்று ஏழெட்டு நாட்டுக்கு இறங்கினால்தான் வித்தியாசம் தெரியும். கேட்டலினா அப்போதும் நகர்ந்துகொண்டிருக்கும். ரஸ்லர்காரர் இன்ஜினைத் தட்டிவிடுவார்.

விற்பனைக்காரர்கள் ஈய எடைக் கணக்கைக் காட்டி மயக்குவார்கள். மொத்த எடையில் அடிப்பாரம் எத்தனை சதவீதம் என்று பார்த்தால் ரஸ்லருக்குச் சுமார் 45, கேட்டலினாவுக்குச் சுமார் 44. இதைப் பார்த்து இரண்டும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். 1979 ஆகஸ்டில் ஃபாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பி, புயலில் சிக்கி, பந்தயக்காரர்களில் 15 பேர் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகு அமெரிக்கர்கள் ஒரு சுலபமான கணக்குப் போட்டார்கள். படகின் எடையைப் பவுண்டில் எடுத்து 64-ஆல் வகுத்து, அதற்குக் கனமூலம் கண்டுபிடித்து, படகின் அகலத்தை அடியில் எடுத்து அதனால் வகுக்க வேண்டும். விடை 2-க்குக் கீழே வந்தால் ஆழ்கடலுக்குப் பரவாயில்லை. ரஸ்லருக்கு 1.7 வருகிறது. கேட்டலினாவுக்குச் சரியாக 2. கோட்டின் மேலேயே நிற்கிறது. பாரம் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதை இந்தக் கணக்கு பார்ப்பதில்லை, ஆகவே இதுவே வேதவாக்கு இல்லை. ஆனால் ஒன்று காட்டுகிறது: அகலமும் லேசும் சேர்ந்த படகைப் பெரிய அலை ஒன்று தலைகீழாகப் போட்டால், அது அப்படியே கவிழ்ந்து கிடக்கிற நேரம் கூடுதலாக இருக்கும்.

இனி நம்ம கடலுக்கு வருவோம்.

தூத்துக்குடியிலிருந்து கன்னியாகுமரி சுமார் 60 கடல் மைல். மணப்பாடு, பெரியதாழை, உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, பெருமணல், உங்கள் கூட்டப்புளி. இந்த நீளம் முழுக்க வலை. வழிவலை, ஆயிரங்கால் தூண்டில், மிதவைக்குப் பழைய பிளாஸ்டிக் கேன். பல வலைகளுக்கு ராத்திரி விளக்கு கிடையாது. வெளிநாட்டுப் புத்தகங்களைப் படித்துப் படகு வாங்குகிறவர்கள் இதை நினைப்பதே இல்லை. என்னைக் கேட்டால் நம் கரையில் படகின் அடிவடிவத்தை முடிவு செய்ய வேண்டியது புயல் இல்லை, வலைதான்.

ஒரு ஜனவரி ராத்திரி, தனிச் சுக்கான் வைத்த ஒரு படகைத் தூத்துக்குடியிலிருந்து கொச்சிக்குக் கொண்டுபோய்க்கொண்டிருந்தோம். மணப்பாடு வெளிச்சவீட்டைத் தாண்டியாயிற்று. பின்காற்று, ஆறு நாட் ஓட்டம். திடீரென்று வேகம் ஒரு நாட்டுக்கு இறங்கியது, சத்தமே இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தால் வலையின் மேல்கயிறு சுக்கானுக்கும் படகு அடிக்கும் நடுவிலுள்ள இடுக்கில் போய் விறைத்து நிற்கிறது. சுக்கான் திரும்பவில்லை. கால்மணி நேரத்தில் ஒரு ஃபைபர் வள்ளம் பக்கத்தில் வந்தது. வலைக்குச் சொந்தக்காரர்தான். "அண்ணாச்சி, இஞ்சினை மட்டும் போட்டுறாதீங்க. பாயை இறக்குங்க, நான் கழத்தித் தாரேன்" என்றார். கூட வந்த பையன் குதித்து, கயிற்றின் மேல் காலை ஊன்றி மிதித்து, சுக்கானுக்குக் கீழே கொண்டுபோய் விட்டான். வலை ஒரு கண்ணி அறவில்லை. இன்ஜினைப் போட்டிருந்தால் அவருக்கு வலை போயிருக்கும், எங்களுக்கு விசிறித் தண்டு போயிருக்கும்.

அதே கயிற்றின் மேல் ரஸ்லர் போயிருந்தால் பெரும்பாலும் ஏரா நெடுகச் சறுக்கிப் பின்னால் கழன்றிருக்கும். சிக்கவே சிக்காது என்று சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் மாட்டிக்கொள்கிற இடுக்குகள் அதில் குறைவு. இந்த ஒரு விஷயத்தில் ரஸ்லருக்கு என் முழு ஓட்டு. கேட்டலினா வாங்கினால் ஒரு ஒழுங்கு வைத்துக்கொள்ளுங்கள்: மணப்பாட்டிலிருந்து குமரி வரைக்கும் பகலில்தான் ஓட்டுவது. விடிவதற்கு முன் தூத்துக்குடியில் நங்கூரம் எடுத்தால், இன்ஜினும் பாயுமாக, இருட்டுவதற்குள் குமரி வந்துவிடும். கூடங்குளம் அணுமின் நிலையத்துக்கு முன்னால் உள்ள தடைப்பகுதிக்கு நன்றாக வெளியே போங்கள். ஆனால் வெளியே போனால் வலை இருக்காது என்று நினைக்காதீர்கள்.

காற்று. ஆனி, ஆடி, ஆவணி மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகக் கச்சான் என்ன வேகத்தில் வரும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை, முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்து வளர்ந்தவர் நீங்கள். அந்தக் காலத்தில் எந்தப் படகானாலும் குடும்பத்தோடு குமரியைச் சுற்றக் கூடாது. அதோடு விட்டது என்று பலர் நினைக்கிறார்கள். தை, மாசியில் வடகிழக்குக் காற்று பாக் நீரிணை வழியாக நெருக்கப்பட்டு மன்னார் வளைகுடாவுக்குள் இறங்குகிறது. காலியில் அமைதியாகப் பாய் ஏற்றிக் கிளம்புகிறவர், இலங்கையின் மேற்குக் கரை மறைவைத் தாண்டியதும் 25 நாட், சில ராத்திரி 30 நாட் காற்றில் போய் நிற்பார். காற்று பக்கவாட்டில், அலை குட்டையாக, நெட்டுக்குத்தாக. குமரியைச் சுற்றிக் கேரளக் கரைக்குள் நுழைந்தால் அதே நாளில் காற்றே இல்லாமல் போகும். பகலில் கடற்காற்று, ராத்திரியில் கரைக்காற்று, நடுவில் ஒன்றுமில்லை.

ஆக உங்கள் சுற்றில் இரண்டு விதமான கடல் இருக்கிறது. வளைகுடாவைக் கடக்கிற அந்த ஒன்றரை நாளுக்கு ரஸ்லர் சுகம். கனமான படகு அலையோடு மெல்ல ஏறி மெல்ல இறங்கும், பிள்ளைகள் வாந்தி எடுப்பது குறையும், சுக்கானில் நிற்கிறவருக்குக் கை வலிக்காது. கேட்டலினாவும் கடக்கும், ஆனால் வெடுக்கு வெடுக்கென்று ஆடும். பெரிய பாயை முன்கூட்டியே இரண்டு மடிப்பு சுருக்கி வைத்துக்கொண்டால் அதுவும் அடங்கும். மற்ற நாளெல்லாம், கொச்சிக்கும் மாலத்தீவின் உளிகமுக்கும் இடையே உள்ள சுமார் 260 கடல் மைலிலும், கேரளக் கரையோரத்திலும், மென்காற்றில் கேட்டலினாதான் படகு.

நங்கூரம் போட்டு நிற்கிற நேரத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. குடும்பத்தோடு போகிறவர் படகில் இருக்கிற காலத்தில் பெரும்பங்கு நின்றுகொண்டுதான் இருப்பார். அந்த நேரத்தில் ரஸ்லர் ஒடுக்கம். அதன் படுக்கைகள் ஓடுகிற கடலில் உருண்டு விழாமல் படுப்பதற்காகச் செய்தவை. பங்குனி வெயிலில் தளம் கொதிக்கும்போது நான்கு பேர் அதற்குள் இருந்து பாருங்கள். கேட்டலினாவில் பின்னால் அகலமான இரட்டைப் படுக்கை, நடுவில் எல்லாரும் சுற்றி உட்கார்ந்து சாப்பிட இடம், காற்று வர ஏகப்பட்ட திறப்புகள். சுக்கான் தொட்டியும், அதாவது சுக்கான் பிடிக்கிறவர் உட்காருகிற குழிந்த இடமும், விசாலம், மேலே ஒரு துணிப்பந்தல் கட்டினால் பிள்ளைகள் அங்கேயே கிடப்பார்கள். மனைவிக்கு முதல் வருஷம் பிடிக்காமல் போனால் இரண்டாவது வருஷம் படகு கரையில்தான் நிற்கும். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பெரிய தொட்டி ஆழ்கடலில் குறையாகிவிடும், பின்னாலிருந்து ஒரு அலை ஏறினால் அவ்வளவு தண்ணீரையும் அது பிடித்துவைத்துக்கொள்ளும். ஆனால் நீங்கள் போகிற காலமும் இடமும் அந்த மாதிரி அலைக்கானது இல்லை.

ஆழம் ஒரு முக்கியமான விஷயம். சாதாரண ஏரா உள்ள கேட்டலினா 1.9 மீட்டர் இறங்கும், ரஸ்லர் 1.7. சிறகு ஏரா உள்ள கேட்டலினா 1.35 மீட்டர்தான். மன்னார் வளைகுடாவின் தீவுகளையொட்டி முழுக்கப் பார், அதாவது பவளப்பாறை. தேசியப் பூங்கா எல்லைக்குள் நுழையவே கூடாது, அதற்கு வெளியேயும் மணல் பார்த்துத்தான் நங்கூரம் போட வேண்டும். பாம்பன் கால்வாய் வழியாகப் பாக் நீரிணைக்குப் போகிற ஆசை என்றைக்காவது வந்தாலும், தூக்குப்பாலத்தைத் திறக்கச் சொல்லி அனுமதி வாங்கி, உள்ளூர் வழிகாட்டியை ஏற்றிக்கொண்டு போகிறபோது அந்த அரை மீட்டர் பெரிய நிம்மதி. சிறகு ஏராவில் ஒரு தொல்லை உண்டு. மணலில் தட்டினால், படகைச் சாய்த்து ஆழத்தைக் குறைத்து விடுவிக்கிற வித்தை அதில் பலிக்காது, சாயச் சாயச் சிறகின் ஒரு முனை இன்னும் கீழே குத்தும். தட்டிய உடனே, வந்த வழியே பின்னால் இழுத்துவிட வேண்டும். சிறகின் மேல் வலைக்கயிறு உட்காரும் என்பதும் உண்மைதான்.

படகை ஏற்றிக் கழுவி வர்ணம் அடிப்பதில் ரஸ்லருக்கு நம்ம பக்கம் வசதி. தூத்துக்குடியில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான், தண்ணீர் வற்றும்போது சுவரில் சாய்த்து நிறுத்தி அடி கழுவுகிற ஐரோப்பிய முறை இங்கே நடக்காது. மேடையில்தான் ஏற்ற வேண்டும். தோணி ஏற்றிப் பழகிய ஆட்களுக்கு நீள ஏரா தெரிந்த சமாச்சாரம், கட்டைகளை வரிசையாக வைத்தால் படகு தன் ஏராவிலேயே உட்காரும், பக்கத்துக்கு முட்டு கொடுத்தால் போதும். கேட்டலினாவுக்கு அதன் அடிக்கு ஏற்ற இரும்புத் தொட்டில் செய்துதான் ஏற்ற வேண்டும், இல்லையென்றால் மொத்த எடையும் ஏரா ஒட்டுகிற இடத்தில் இறங்கும். தொட்டிலை ஒருமுறை நன்றாகச் செய்துவிட்டால் வருஷாவருஷம் உதவும். அந்தச் செலவையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

துறைமுகத்துக்குள் நெளிந்து திரும்புவதில் கேட்டலினா கெட்டிக்காரி. ரஸ்லர் பின்னுக்குப் போகும்போது சொல்பேச்சு கேட்காது. தூத்துக்குடிப் பழைய துறைமுகத்தில் இரண்டு தோணிக்கு நடுவே அதைப் பின்னால் எடுக்கிற நாளில் தெரியும்.

இன்ஜின் உங்கள் தொழில், சுருக்கமாகச் சொல்கிறேன். அந்தக் காலத்துக் கேட்டலினாவில் இருப்பது பெரும்பாலும் யுனிவர்சல் டீசல், அதன் அடிப்படை குபோட்டா இன்ஜின். குபோட்டா டிராக்டர் நம் பக்கம் வயலில் ஓடுவதால் சில உதிரிப் பாகங்களுக்கு வழி கிடைக்கும். கடல்நீர் பம்பும் வெப்பமாற்றியும் தனி ஜாதி, அவற்றில் ஒவ்வொன்று கூடுதலாகக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். லங்காவி ரஸ்லரில் எந்த இன்ஜின் என்று நீங்கள் எழுதவில்லை.

அப்படியானால் ரஸ்லர் எதற்கு? நீங்கள் சொன்ன இரண்டாவது பயணத்துக்கு. 2018-இல் நடந்த கோல்டன் குளோப் தனியாள் உலகச் சுற்றுப் பந்தயத்தில் முதல் மூன்று இடமும் ரஸ்லர் 36-க்குத்தான். 2022-இல் கிளம்பிய அடுத்த பந்தயத்தில் நம் கடற்படை அதிகாரியாக இருந்த அபிலாஷ் டோமி ரஸ்லர் 36-இல் இரண்டாவதாக வந்தார். அந்தப் பந்தயத்தின் விதியே நீள ஏரா, அதில் தொங்கும் சுக்கான், 1988-க்கு முந்தைய வரைபடம் என்பதுதான். 1968-69-இல் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் 312 நாளில் நிற்காமல் உலகைச் சுற்றிய சுஹைலி அதே குடும்பத்துப் படகு, பம்பாயில் தேக்கில் கட்டியது. ஆனால் கனமான படகு கவிழாது என்று நம்பிவிடாதீர்கள். 2018 செப்டம்பரில் தென் இந்தியப் பெருங்கடலில் டோமியின் துரியா, அதுவும் சுஹைலி வடிவத்தில் கோவாவில் கட்டியதுதான், உருண்டு பாய்மரம் ஒடிந்து, முதுகெலும்பு அடிபட்டு அவரைப் பிரெஞ்சுக் கப்பல் மீட்டது. அதே பந்தயத்தில் ஜெயித்த ரஸ்லரும் உருண்டதுதான், பாய்மரம் அடிபட்டு, ஆனாலும் ஊர் போய்ச் சேர்ந்தது.

தென்னாப்பிரிக்கக் கரையில் அகுல்ஹாஸ் நீவாடு (கடல் நீரோட்டம்) தென்மேற்காக நாலைந்து நாட் வேகத்தில் ஓடும் இடங்கள் உண்டு. அதற்கு எதிரே தென்மேற்கிலிருந்து புயல்காற்று அடித்தால் அலை சுவர் மாதிரி எழும். அங்கே படகு செய்ய வேண்டிய வேலை வேகம் இல்லை. முன்பாயை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி, பெரிய பாயைச் சுருக்கி, சுக்கானைத் திருப்பிக் கட்டிவிட்டு, படகைக் கிட்டத்தட்ட நிறுத்தி, இரண்டு பேரும் மாறி மாறித் தூங்க வேண்டும். நீள ஏரா அப்படி நிற்கும், தன் பாதையில் அடங்கி மெல்ல நழுவும். கேட்டலினாவை அப்படி நிறுத்தலாம், ஆனால் அது முகத்தைத் திருப்பிக்கொண்டே இருக்கும், ஒருவர் விழித்திருக்க வேண்டும். நாள்கணக்கில் காற்றுச் சுக்கானை (காற்றின் திசையை வைத்துத் தானே படகைத் திருப்புகிற கருவி) நம்பி ஓடுவதற்கும் இதே வித்தியாசம்தான். கேட்டலினாவில் ஜன்னலை மூடி, ஏராவைப் பலப்படுத்தி, தொட்டியைச் சுருக்கி நன்னம்பிக்கை முனைக்குத் தயார் செய்யலாமா என்றால், அதற்குக் கொட்டுகிற பணத்தில் பாதியை, கேட்டலினாவை விற்ற பணத்தோடு சேர்த்து அன்றைக்கு ரஸ்லரே வாங்கிவிடலாம்.

இன்றைக்கே ரஸ்லரை வாங்கிக் குடும்பத்தையும் ஏற்றினால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். நான் அப்படிச் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். படகு கனவுக்குப் பொருத்தமாக இருந்தது, வீட்டுக்குப் பொருத்தமாக இல்லை. இரண்டாவது சீசனோடு பிள்ளைகள் வரமாட்டேன் என்றார்கள். நீங்கள் தனி ஆள் என்றால், அல்லது அண்ணன் தம்பி இருவரும் அடுத்த வருஷமே கிளம்புவதாக இருந்தால், யோசிக்காமல் ரஸ்லர் என்று எழுதியிருப்பேன்.

கேட்டலினாவைப் பார்க்கப் போகும்போது முதலில் அது சிறகு ஏராதானா என்று உறுதி செய்யுங்கள், சாதாரண ஏரா என்றால் விட்டுவிடுங்கள். மேடையில் ஏற்றச் சொல்லி, ஏராவின் முன்பக்கம் உடலோடு ஒட்டுகிற கோட்டைப் பாருங்கள். அங்கே வாய் பிளந்த மாதிரி ஒரு வெடிப்பு இந்த வகைப் படகில் சகஜம், அதைக் கேட்டலினாச் சிரிப்பு என்றே சொல்வார்கள். மெல்லிய கோடு என்றால் போல்ட்டை முறைப்படி இறுக்கிப் பூசிவிடலாம். துருத் தண்ணீர் கசிகிறது, உள்ளே போல்ட் தலையைச் சுற்றிப் பழுப்புக் கறை என்றால் ஏராவை இறக்கிப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். சுக்கானின் அடியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், அது எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவு செலவு. தளத்தை ஸ்குரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள், கணீர் என்பது மாறித் தொப் என்று கேட்கிற இடத்தில் உள்ளே தண்ணீர் இருக்கிறது. பாய்மரம் தாங்குகிற கம்பிகள் எந்த வருஷத்தவை என்று ரசீது கேளுங்கள். பத்து வருஷம் தாண்டியது என்றால் கடக்கும் முன் லங்காவியிலேயே மாற்றிவிடுங்கள், நம்ம வெயிலும் உப்பும் அவற்றை இன்னும் சீக்கிரம் தின்னும். ஆசையில் நீங்களே பார்த்து முடிவு செய்துவிடாதீர்கள், தனியாக ஒரு சர்வேயரைக் கூலி கொடுத்து வரச் சொல்லுங்கள், விற்பவர் காட்டுகிற ஆள் வேண்டாம்.

சுங்கவரி, பதிவு, எந்தக் கொடி என்பதை முன்பணம் கொடுப்பதற்கு முன் கொச்சியில் ஒரு சுங்க முகவரிடம் எழுத்தில் வாங்கிவிடுங்கள். லட்சத்தீவு என்றால் அனுமதி தனி.

கொண்டுவருவதை ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரிக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி கார்த்திகையில் வங்கக்கடலில் உருவாகிற புயல் அதற்குள் ஓய்ந்திருக்கும், காற்று முதுகில். லங்காவியிலிருந்து காலி சுமார் 1,200 கடல் மைல், ஐந்தரை நாட் ஓடினால் ஒன்பது பத்து நாள். நிக்கோபாரில் இறங்கக் கூடாது, பெரிய நிக்கோபாருக்குத் தெற்கே அகலமான வழி இருக்கிறது. இலங்கைக்குத் தெற்கே தேவேந்திரமுனைப் பக்கம் கப்பல்கள் வரிசை கட்டிப் போகும், அந்தத் தடத்தை ராத்திரியில் குறுக்கே வெட்டாதபடி நேரத்தை அமைத்துக்கொள்ளுங்கள். அந்த ஓட்டத்துக்கு உங்கள் தம்பியையும் இன்னொரு பழகிய கையையும் ஏற்றுங்கள். மனைவி, பிள்ளைகள் கொச்சியில் ஏறட்டும்.